விலையும் வேலையும்

மாடு வாங்கப் போகிறவர் மாட்டின் நிறத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை. பல்லைப் பார்ப்பார், மடியைப் பார்ப்பார், எத்தனையாவது கன்று என்று கேட்பார், முடிந்தால் ஒரு நேரம் கறந்தும் பார்ப்பார். தையல் இயந்திரம் வாங்கப் போனால் நாமே அதில் உட்கார்ந்து ஒரு துண்டுச் சீலையைத் தைத்துப் பார்க்கின்றோம். ஆனால் கணனி வாங்கப் போகும்போது மட்டும் எங்களில் பலருக்கு வாய் அடைத்துப் போகின்றது. கடைக்காரர் சொல்லும் விலையையும் பெட்டியில் ஒட்டியிருக்கும் மினுங்கும் ஸ்டிக்கரையும் பார்த்துவிட்டு, "நல்லதாப் பார்த்துத் தாங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு நிற்கின்றோம். எங்கள் காசு, எங்கள் தொழில், ஆனால் தெரிவு மட்டும் வேறொருவருடையது. இது மாறவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகின்றேன்.

கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதேச செயலகம் ஒன்றுக்குப் பக்கத்தில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு சிறிய ரைப்பிங் கடை நடத்துகின்றோம். மூவரில் மூத்தவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மகன் 2009இல் காணாமற்போனவர். இளையவள் க.பொ.த. உயர்தரம் படித்த பிள்ளை. யுத்தத்தில் ஒரு காலை இழந்தவள், ஆனால் கை வேகத்தில் எங்கள் இருவரையும் வென்றவள். நான் கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு மீள்குடியேறியவள். விண்ணப்பம் நிரப்புதல், பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன் பண்ணுதல், காணிக் கடிதம் ரைப் பண்ணுதல், பரீட்சை விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்புதல், போட்டோக்கொப்பி எடுத்தல், இவைதான் எங்கள் வருமானம்.

எங்கள் முதலாவது கணனி 2011இல் உதவி நிறுவனம் ஒன்று தந்தது. அதற்கு நாங்கள் என்றும் நன்றியுள்ளவர்கள். ஆனாலும் அந்தக் காலத்தில் வந்த உதவிகளை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரே மாதத்தில் ஏழு தையல் இயந்திரங்கள் இறங்கின. ஏழு பேரும் தைத்தால் தைப்பிக்க வருவது யார்? புல் இல்லாத காணிக்காரிக்கு ஆடு வந்தது. தந்தவர்கள் நல்ல மனதோடுதான் தந்தார்கள். உனக்கு எது தேவை என்று கேட்கத்தான் எவருக்கும் நேரம் இருக்கவில்லை. கணனியும் அப்படித்தான் வந்தது. 2024இல் அது முற்றாக நின்றுபோனபோது, முதன்முறையாக எங்களுக்கு என்ன தேவை என்பதை நாங்களே இருந்து யோசிக்க வேண்டி வந்தது.

சீட்டுக் காசில் ஆளுக்கு 30,000 ரூபா போட்டோம். மொத்தம் 90,000 ரூபா. அதற்கு மேல் ஒரு சதமும் கடன் வாங்குவதில்லை என்பதில் அக்கா உறுதியாக இருந்தார். ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை. நுண்கடன் வாங்கிய வீட்டு வாசலில் கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிள் வந்து நிற்பதைப் பார்க்காத கிராமம் எங்கள் பக்கம் இல்லை. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது.

கணனியின் மூளை

கணனியின் மூளையைப் பாடப்புத்தகத்தில் முறைவழியாக்கி என்கிறார்கள். கடையில் புரோசசர் என்றால்தான் விளங்கும். தீப்பெட்டியிலும் சிறிய ஒரு தகடு. கணனியின் விலையும் வேகமும் பெருமளவில் இதைப் பொறுத்தே இருக்கின்றன. இதைச் செய்யும் கம்பனிகளில் எங்கள் ஊர்க் கடைகளில் காணக்கூடியவை இன்டெல், ஏ.எம்.டி. என்ற இரண்டும்தான்.

இதை விளங்கிக்கொள்ள நான் எங்கள் குசினியை நினைத்துக்கொண்டேன். குசினியில் எத்தனை பேர் சமைக்கிறார்கள் என்பது 'கோர்' எண்ணிக்கை. இரண்டு கோர் என்றால் இரண்டு பேர், ஆறு கோர் என்றால் ஆறு பேர். அவர்களுடைய கை எவ்வளவு விரைவாக அசைகிறது என்பது கிகாஹேர்ட்ஸ். ஒரு அசைவில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது அவர்களின் பழக்கம். அதுதான் 'தலைமுறை'. அடுப்புக்குப் பக்கத்தில் உப்பும் தூளும் வைத்திருக்கும் தட்டு 'கேஷ்'. மரக்கறி வெட்டி வைக்கும் மேசை 'றாம்'. அரிசி மூட்டை இருக்கும் சாமான் அறை 'ஹார்ட் டிஸ்க்'. எவ்வளவு கைதேர்ந்த சமையற்காரியாக இருந்தாலும் உப்புக்கும் தூளுக்கும் ஒவ்வொரு தரமும் சாமான் அறைக்கு ஓடவேண்டுமென்றால் சோறு ஆறிப்போகும்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கின்றது. 1998 ஏப்ரலில் இன்டெல் கம்பனி 'செலரோன்' என்ற பெயரில் மலிவு விலைப் புரோசசர் ஒன்றை வெளியிட்டது. விலையைக் குறைப்பதற்காக இரண்டாம் நிலைக் கேஷ் என்ற அந்த அடுப்படித் தட்டை முற்றாக எடுத்துவிட்டார்கள். வேகம் அடிபட்டது, வாங்கியவர்கள் குறை சொன்னார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் '300ஏ' என்ற செலரோன் வந்தது. அதில் 128 கிலோபைட் அளவுள்ள சிறிய கேஷை புரோசசருக்கு உள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். மலிவு விலையில் நல்ல வேலை செய்யும் புரோசசர் என்று அது பெயர் எடுத்தது. பெயர் ஒன்றுதான், இடைவெளி நான்கு மாதம்தான், ஆனால் வேலையில் பெரிய வித்தியாசம். பெயரை மட்டும் கேட்டு வாங்கினால் இரண்டில் எது கைக்கு வரும் என்று சொல்லமுடியாது.

கிகாஹேர்ட்ஸ் எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. 2001இல் ஏ.எம்.டி. வெளியிட்ட 'அத்லோன் எக்ஸ்பி 1500+' உண்மையில் 1.33 கிகாஹேர்ட்ஸில்தான் ஓடியது. எண் குறைவு என்று மக்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்பதால், அது செய்யும் வேலையின் அளவைக் காட்டும் ஒரு எண்ணைப் பெயராக வைத்தார்கள். 2006இல் இன்டெல்லின் 'கோர் 2 டுவோ' வந்தபோது, 2 கிகாஹேர்ட்ஸ் கூட இல்லாத புரோசசர் 3 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் ஓடிய பழைய பென்டியம் 4ஐப் பல வேலைகளில் வென்றது. கை விரைவாக அசைவது வேறு, வேலை முடிவது வேறு என்பது எங்களுக்குத் தெரியாததா?

கடையில் கண்டவை

கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் நான்கு கடைகள் ஏறி இறங்கினோம். எங்களுக்கு நான்கு வழிகள் தெரிந்தன.

முதலாவது, பெட்டி உடைக்காத புதிய மடிக்கணனி, விலை 105,000 ரூபா. இரண்டு கோர் புரோசசர், 4 ஜிபி றாம். மிச்சக் காசைத் தவணையில் கட்டலாம் என்றார்கள். இரண்டாவது, வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்து இறக்குமதியான மேசைக்கணனி. இன்டெல் ஐ5-8500, 2018இல் வந்தது, ஆறு கோர். 8 ஜிபி றாமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் சேர்த்து 58,000 ரூபா. மூன்றாவது, அதே வகையில் இன்னும் பழையது. ஐ5-4570, 2013இல் வந்தது, நான்கு கோர், 28,000 ரூபா. நான்காவது, புத்தம் புதிய மேசைக்கணனி. ஐ3-12100, 2022இல் வந்தது, நான்கு கோர். திரையோடு 185,000 ரூபா.

"அக்கா, பழசு பழசுதான். இது புதுசு, ஒரு வருச வாரண்டி இருக்கு" என்று மடிக்கணனியைக் காட்டினார் கடைத் தம்பி.

"தம்பி, புதுசு சரி. எங்கட வேலையை இது எவ்வளவு நேரத்தில செய்யும்?" என்று எங்கள் இளையவள் கேட்டாள்.

அவர் சிரித்தார். "அது செய்யும் தங்கச்சி" என்றார்.

"அப்ப செய்து காட்டுங்கோவன்" என்றாள்.

அவள் ஒரு பென் டிரைவைக் கொண்டு வந்திருந்தாள். அதில் எங்கள் கடையின் ஒரு சாதாரண வேலை இருந்தது. ஸ்கேன் பண்ணிய 12 பக்கங்கள், படம் வைத்த ஒரு விண்ணப்பம், பாமினி எழுத்துருவில் ரைப் பண்ணிய ஒரு கடிதம். வேலை இதுதான்: கடிதத்தையும் விண்ணப்பத்தையும் திறக்கவேண்டும், 12 பக்கங்களையும் ஒரே பிடிஎஃப் ஆகச் சேர்க்கவேண்டும், இடையில் இணையத்தில் ஐந்து பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். எங்கள் கடையில் ஒரு வாடிக்கையாளர் முன்னால் இருக்கும்போது நடப்பது இவ்வளவும்தான். கைத்தொலைபேசியில் நேரம் பிடித்தோம்.

புதிய மடிக்கணனிக்கு 6 நிமிடம் 40 விநாடி எடுத்தது. பாவித்த ஐ5-8500க்கு 1 நிமிடம் 50 விநாடி. புதிய ஐ3க்கு 1 நிமிடம் 30 விநாடி.

அன்றிரவு மண்ணெண்ணெய்க் கணக்கு எழுதும் கொப்பியில் நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு இப்படி 15 வேலை வருகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணனிக்கும் பாவித்த ஐ5க்கும் ஒரு வேலைக்கு 4 நிமிடம் 50 விநாடி வித்தியாசம். பதினைந்து வேலைக்கு 72 நிமிடத்துக்கு மேல். அதாவது விலை கூடிய புதிய பெட்டியை வாங்கினால் ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். பாவித்த ஐ5க்கும் புதிய ஐ3க்கும் வித்தியாசம் 20 விநாடி. பதினைந்து வேலைக்கு 5 நிமிடம். அந்த 5 நிமிடத்துக்காக ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் மேலதிகமாகக் கொடுத்து, அதற்காகக் கடனும் படவேண்டும்.

விலையையும் வேலையையும் நிறுப்பது என்றால் இதுதான். மிகவும் மலிவானது எது என்பதும் கேள்வியல்ல, மிகவும் வேகமானது எது என்பதும் கேள்வியல்ல. இன்னும் ஒரு பத்தாயிரம் ரூபா கூடக் கொடுத்தால் எனக்கு என்ன கிடைக்கும், அது என் வேலைக்குத் தேவையா என்பதே கேள்வி.

சில்லின் விலையும் முழு விலையும்

மலிவுப் புரோசசர்களில் ஒரு விசேடம் உண்டு. 2018இல் ஏ.எம்.டி. இரண்டு புரோசசர்களை வெளியிட்டது. இரண்டு கோர் கொண்ட 'அத்லோன் 200ஜிஇ', வெளியிட்டபோது விலை 55 டொலர். நான்கு கோர் கொண்ட 'ரைசன் 3 2200ஜி', விலை 99 டொலர். சில்லை மட்டும் பார்த்தால் இரண்டாவது 80 வீதம் விலை கூடியது. "அம்மாடி" என்று விலகிவிடுவோம். ஆனால் சில்லை மட்டும் வைத்து வேலை செய்ய முடியாதே. மதர்போர்ட், றாம், எஸ்.எஸ்.டி., பெட்டி, திரை எல்லாம் வேண்டும். அவற்றுக்கு 250 டொலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கணனி 305 டொலர், மற்றது 349 டொலர். முழுக் கணனியில் வித்தியாசம் 14 வீதம் மட்டுமே. கோர் எண்ணிக்கையோ இரண்டு மடங்கு. இப்படிப் பார்த்தால் 44 டொலரை மிச்சம் பிடிப்பது சிக்கனம் அல்ல. சீலைக்கு 3,000 ரூபா கொடுத்துவிட்டு நூலில் 20 ரூபா மிச்சம் பிடிப்பது போன்றது.

மறுபக்கமும் உண்டு. நான்கு அல்லது ஆறு கோருக்கு மேலே போகப் போக விலை ஏறும், ஆனால் ரைப்பிங் வேலையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. எட்டுக் கோர் புரோசசர் வீடியோ வெட்டி ஒட்டுபவருக்கு உதவும். கடிதம் ரைப் பண்ணுபவர் கைவேகத்தில்தான் ரைப் பண்ணுவார். பத்துப் பேருக்கு மட்டும் சமைக்க ஆறு சமையற்காரி போதும், பன்னிரண்டாவது ஆள் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்.

டொலர் விலையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பொருட்கள் எல்லாம் டொலரில்தான் வருகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபா அளவுக்குப் போனது. அதே 55 டொலர்ச் சில்லு 11,000 ரூபாவிலிருந்து 19,800 ரூபாவானது. வரியும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேல். புதியது எங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போனதும், பாவித்த கணனிக்கு மதிப்பு ஏறியதும் இதனால்தான்.

நாங்கள் ஏன் ஐ5-4570ஐ எடுக்கவில்லை

28,000 ரூபா என்றவுடன் எனக்கு ஆசை வந்தது உண்மை. மிச்சக் காசில் ஒரு நல்ல பிறின்டர் வாங்கலாம். வேலைக்கும் அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் இளையவள் வேறொன்றைக் கவனித்தாள். விண்டோஸ் 11, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமான புரோசசர்களுக்கே முறைப்படி இடம் கொடுக்கின்றது. 4570 நான்காம் தலைமுறை. அதில் விண்டோஸ் 10தான் ஓடும். அந்த விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடையும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அப்படியே முடிந்தும் விட்டது.

வீட்டில் பாட்டுக் கேட்பவருக்கு இது பெரிய விடயம் இல்லை. ஆனால் எங்கள் கணனியில் இருப்பது எங்களுடைய இரகசியம் மட்டும் அல்ல. காணாமற்போனோர் அலுவலகத்துக்கு அக்கா ரைப் பண்ணிக் கொடுக்கும் கடிதங்கள் அதில் இருக்கின்றன. ஒரு தாயின் அடையாள அட்டை, மகனின் கடைசிப் படம், அவன் எங்கே எப்போது எந்த உடுப்போடு காணப்பட்டான் என்ற விபரம், எல்லாம் அதில் ஏறி இறங்குகின்றன. அதைக் கள்ளன் நுழையும் வீட்டில் வைப்பது சரியில்லை என்று அக்கா சொன்னார். 30,000 ரூபா வித்தியாசத்தில் நாங்கள் வாங்கியது வேகத்தை மட்டும் அல்ல, இன்னும் சில ஆண்டுப் பாதுகாப்பையும்தான். பழைய கணனி கையில் இருப்பவர்கள் அதை எறிந்துவிடத் தேவையில்லை. 'லினக்ஸ்' என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாவிக்கலாம். எங்கள் பழகிய மென்பொருட்கள் எல்லாம் அதில் ஓடாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவில் ஐ5-8500ஐ 58,000 ரூபாவுக்கும், பாவித்த திரையை 14,000 ரூபாவுக்கும், புதிய யு.பி.எஸ். ஒன்றை 15,000 ரூபாவுக்கும் வாங்கினோம். மொத்தம் 87,000 ரூபா. மிச்சம் 3,000 ரூபாவைக் கடைச் செலவுக்கு வைத்தோம். கடன் இல்லை.

மடிக்கணனிக்கும் நியாயம் உண்டு

நான் மடிக்கணனியைக் குறை சொல்லி எழுதவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் மடிக்கணனி வைத்திருந்த பிள்ளைகள்தான் படித்தார்கள். யு.பி.எஸ். சில நிமிடம்தான் தாங்கும். செய்த வேலையைச் சேமித்து மூடுவதற்கு மட்டுமே அது. வீடு வீடாகப் போய் விபரம் சேகரிக்கும் வேலை செய்பவருக்கும், ஒரே அறையில் வாழும் குடும்பத்தில் படிக்கும் பிள்ளைக்கும் மடிக்கணனியே பொருத்தம்.

மின்சாரச் செலவும் குறைவு. மலிவு மடிக்கணனிகளில் வரும் சில புரோசசர்களின் அளவு 6 வாற்று, ஐ5-8500இன் அளவு 65 வாற்று. இதைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம். 65 வாற்று என்பது முழு மூச்சில் வேலை செய்யும்போதுதான். சாதாரண ரைப்பிங்கில் முழுக் கணனிக்கும் சராசரி 30 வாற்று கூடப் போகிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 8 மணித்தியாலம், மாதம் 25 நாள், மொத்தம் 6 அலகு. மின்கட்டணம் 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் எப்படி ஏறியது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் மாதம் 6 அலகை ஒரு பக்கத்திலும் நாளுக்கு ஒரு மணித்தியாலக் காத்திருப்பை மறுபக்கத்திலும் வைத்தால், கடை நடத்துபவருக்குத் தட்டு எந்தப் பக்கம் தாழும் என்பது தெரிந்ததே.

மடிக்கணனிதான் வேண்டும் என்றால் இரண்டு கோரோடு நிற்கவேண்டாம். 2023 ஜனவரியில் இன்டெல் 'என்100' என்ற புரோசசரை வெளியிட்டது. அளவு அதே 6 வாற்று, ஆனால் நான்கு கோர். றாமைக் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள். சில மலிவு மடிக்கணனிகளில் றாமும் சேமிப்பகமும் மதர்போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். வாங்கிய நாளில் இருப்பதுதான் கடைசிவரை. எங்கள் சோதனையில் அந்த மடிக்கணனி அவ்வளவு நேரம் எடுத்ததற்குப் புரோசசர் மட்டும் காரணமல்ல, 4 ஜிபி றாமும் மெதுவான சேமிப்பகமும் சேர்ந்ததே காரணம். பழைய கணனி மெதுவாக இருக்கிறது என்று புரோசசரை மாற்ற நினைப்பவர்கள், முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே போதும்.

எண்ணை வாசிக்கும் முறை

இளையவள் சொல்லித் தந்ததை அப்படியே தருகின்றேன். இன்டெல் ஐ3, ஐ5 மேசைக்கணனிப் புரோசசர்களில் கோட்டுக்குப் பிறகு நான்கு இலக்கம் இருந்தால் முதல் இலக்கம் தலைமுறை. 4570 என்றால் நான்கு, 8500 என்றால் எட்டு. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு இலக்கம். 12100 என்றால் பன்னிரண்டு. "இது ஐ5 அக்கா" என்று மட்டும் சொன்னால் போதாது. எத்தனையாம் தலைமுறை என்று கேளுங்கள். பழைய ஐ5ஐ விடப் புதிய ஐ3 நல்லதாக இருக்கக்கூடும்.

கடைசியில் வரும் ஆங்கில எழுத்தும் முக்கியம். இன்டெல்லில் 'எஃப்' இருந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதி இல்லை. தனியாகக் கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கவேண்டும், இல்லாவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். விலை சற்றுக் குறைவாக இருப்பதால் இதில் ஏமாறுபவர்கள் உண்டு. 'ரி' என்றால் மின்சாரம் குறைவாக எடுக்கும் மேசைக்கணனிப் புரோசசர், வேகமும் சற்றுக் குறைவு. 'யு' என்றால் மின்சாரம் குறைவாக எடுக்கும் மடிக்கணனிப் புரோசசர். ஏ.எம்.டி. மேசைக்கணனிப் புரோசசர்களில் 'ஜி' இருந்தால் படம் காட்டும் பகுதி உள்ளே இருக்கின்றது.

எண் பெரிதாக இருந்தால் புதியது என்றும் எப்போதும் நம்பமுடியாது. 2022இல் வந்த 'ரைசன் 3 7320யு' ஏழாயிரத்தில் தொடங்கினாலும் அதன் உள் அமைப்பு 2019இல் அறிமுகமான 'சென் 2' வகை. நல்ல விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் புதிய தலைமுறை என்ற விலைக்கு வாங்கக்கூடாது.

பாவித்த கணனிக்கு வாரண்டி குறைவு என்பதும் விலையில் ஒரு பகுதிதான். எங்களுக்கு மூன்று மாதம் எழுதித் தந்தார்கள். அதனால் மாதம் 1,000 ரூபாவைத் திருத்த வேலைக்கென்று தனி உண்டியலில் போடுகின்றோம். இதுவரை ஒருமுறை மின்வழங்கிப் பெட்டி பழுதானது. உண்டியல் காசிலேயே மாற்றினோம்.

இப்போது வேறு ஊர்ப் பெண்களும் கணனி வாங்கப் போகும்போது எங்கள் இளையவளைக் கூட்டிக்கொண்டு போகின்றார்கள். அவள் யாருக்கும் "இதை வாங்குங்கோ" என்று சொல்வதில்லை. "உங்கட வேலை என்ன?" என்றுதான் முதலில் கேட்பாள். ஒருவருக்குப் பாலர் பாடசாலைக் கணக்கு, ஒருவருக்குத் தையல் டிசைன், ஒருவருக்கு மகளின் ஸூம் வகுப்பு. வேலை வேறு என்றால் விலையும் வேறு.

சகோதரிகளே, நீங்களும் கடைக்குப் போகும்போது உங்கள் வேலையில் ஒரு நாளுக்கு உரியதை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். உங்கள் கண் முன்னால் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். நேரத்தைப் பிடியுங்கள். விலையை ஒரு கொப்பியில் எழுதுங்கள், இரண்டு கடையிலாவது கேளுங்கள், காசைக் கொடுக்க முதல் ஒரு இரவு யோசியுங்கள். செய்து காட்ட மறுக்கும் கடையில் வாங்கவேண்டாம். நீண்ட காலமாக எங்களுக்கு எது வேண்டும் என்பதை மற்றவர்கள்தான் தீர்மானித்தார்கள். இந்தச் சிறிய தகட்டையாவது நாங்களே கணக்குப் பார்த்து வாங்குவோம்.